இரட்டைச் செருமல்

மூன்று தடவை போதும் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய் ஒன்று. மூன்றாவதற்காகப் புதன்கிழமை காலை பெரணிப் புதருக்குள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள் கோகிலவாணி. கையில் தீப்பெட்டி அளவு கருவி, அதில் ஒரே ஒரு பொத்தான். அந்த எரிமலைச் சரிவின் குளிரிலும் கட்டைவிரல் வியர்த்திருந்தது.

இருபதடி தள்ளி, மூங்கில் திட்டின் ஓரமாகப் பலூக்கு நடந்துகொண்டிருந்தார். பதினாறு வருடமாக ஒரே கொரில்லாக் குடும்பத்தின் பின்னால் நடக்கிற தடம் பார்ப்பவர். மழையோ காய்ச்சலோ, தினமும் காலையில் அவை எங்கே இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்து, உடன் உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் இறங்குவார். பெற்ற பிள்ளைகளைவிட இவற்றைத்தான் அதிகம் பார்த்தேன் என்பார். அதில் பெருமையும் இருக்கும், குற்ற உணர்ச்சியும் இருக்கும்.

வழக்கம்போல் தொண்டையை இரண்டு தரம் செருமிவிட்டு அவர் திட்டுக்குள் நுழைந்தார். பதினோரு கொரில்லாக்கள் தண்டுகளை உரித்துத் தின்றுகொண்டிருந்தன. நடுவில் முதுகு வெளுத்த பெரிய ஆண். கோகிலாவின் ஊர்ப்பக்கம் கிராமத்து அதிகாரியை மணியக்காரர் என்பார்கள். இந்த ஆண் எல்லாரையும் மிரட்டிக்கொண்டு, ஆனால் யாரையும் அடிக்காமல் சுற்றிவருவதைப் பார்த்து அவள்தான் அந்தப் பேரை வைத்தாள். மணியக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வந்தது பலூக்கு என்று தெரிந்ததும் மறுபடி தண்டைக் கடிக்கப் போனார்.

கோகிலா அமுத்தினாள்.

பதினோரு தொண்டைகளிலிருந்து ஒரே அலறல். வடிவு என்ற தாய், பத்து மாதக் குட்டி பொட்டுவை வாரி அணைத்துக்கொண்டு புதரைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். மணியக்காரர் எழுந்து நின்று நெஞ்சில் அறைந்தார், பல்லைக் காட்டினார், கடைசியில் அவரும் ஓடினார். ஒரு நிமிடத்தில் திட்டில் கடித்துப் போட்ட தண்டுகள் மட்டும் கிடந்தன.

பலூக்கு நின்ற இடத்திலேயே நின்றார். "ஆச்சா?" என்றார்.

"ஆச்சுங்கண்ணா. இதோட முடிஞ்சுது."

கோகிலாவும் பலூக்குவும் பேசிக்கொள்வது பாதி ஆங்கிலம், பாதி சுவாஹிலி. ஆறு வருடப் பழக்கத்தில் அது அவள் காதில் தமிழாகவே விழும். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இவ்வளவு நல்ல மனிதர்கள் ஏன் இப்படியொரு காரியம் செய்தார்கள் என்று கேட்டால், காரணம் போன வருடம் அடுத்த மலையில் நடந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து துப்பாக்கிக்காரர்கள் காடு வழியாக வந்தபோது, அங்கிருந்த கொரில்லாக் குடும்பம் ஓடவில்லை. மனிதன் என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஏழு மீட்டர் தள்ளி நின்று, படம் எடுத்துவிட்டுப் போகிற ஒரு சாதுப் பிராணி என்றுதான் அவற்றுக்குத் தெரியும். ஒன்பதில் ஏழு செத்தன. உடல்களைப் பரிசோதிக்கக் கால்நடை மருத்துவர் என்ற முறையில் கோகிலாதான் போனாள், கூடப் பலூக்குவும் போனார். ஒன்றின் வாயில் பாதி மென்ற தழை அப்படியே இருந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதில் நம்ப வைக்கிற பாதி வேலையை நாம்தான் செய்தோம் என்று அவள் அன்று முழுக்க அழுதாள்.

இப்போது சண்டை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் முகாமில் இருப்பவர்கள் எல்லாரும் மலையிறங்க வேண்டும் என்று உத்தரவு. அதற்குள் இந்தப் பதினொன்றும் மனிதனைக் கண்டால் ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கருவியைக் கொண்டுவந்தவன் ஞானதுரை. நாசரேத்துக்காரன், பொறியாளர், முகாமுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு வருடம் முன்பு தடுப்பூசி போட்டபோது ஒவ்வொரு கொரில்லாவின் கழுத்துத் தோலுக்கடியிலும் கடுகு அளவுக்கு ஒரு பொருளை வைத்திருந்தார்கள். போன மாதம் பொட்டுவுக்கும் வைத்தாயிற்று. காய்ச்சலும் நாடித்துடிப்பும் தெரிந்துகொள்ளத்தான் அது. அதையே வேறுவிதமாகவும் பயன்படுத்தலாம் என்று பிற்பாடுதான் கண்டுபிடித்தார்கள். முதல் நாள் பலூக்குவுக்கு ஞானதுரை விளக்கியதைக் கோகிலா மொழிபெயர்த்தாள்.

"கழுத்து நரம்ப லேசாச் சுண்டிவிட்டா நெஞ்சு படபடன்னு அடிக்கும். நெஞ்சு அடிச்சா மூள என்ன நெனைக்கும்? எதுக்க என்ன இருக்கோ அதுதான் காரணம்னு நெனைச்சிரும். மூணு மட்டம் அப்பிடிப் பண்ணுனா ஆயுசுக்கும் மறக்காது. சின்னதுதான், ஆனா கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுல்லா."

"ஏன் நான் போகணும்?" என்று கேட்டார் பலூக்கு.

"வேத்தாள் போனா அந்த ஆளுக்கு மட்டுந்தான் பயப்படும். ரொம்ப நம்புன ஆளே பயமாயிட்டா, பொறவு மனுசங்க எல்லாருமே பயந்தான்."

பலூக்கு கோகிலாவைப் பார்த்தார். "அதுங்களுக்கு வலிக்குமா?"

"வலிக்காதுங்கண்ணா," என்றாள் கோகிலா. "பயமா மட்டும் இருக்கும்."

"வலிக்கறதே பரவாயில்லையே," என்றார் அவர். ஆனால் ஒப்புக்கொண்டார். அந்தப் பாதி மென்ற தழையை அவரும் பார்த்திருந்தார்.

வியாழக்கிழமை காலை பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் இருந்து தொலைநோக்கியில் பார்த்தார்கள். எதிர்ச்சரிவில் குடும்பம் கூடியிருக்கவில்லை. இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று சிதறிக் கிடந்தது. பயத்தில் சிதறியிருக்கும், சரியாகிவிடும் என்று கோகிலா சொல்லிக்கொண்டாள். அப்போது மணியக்காரர் ஒரு பாறைமேல் வந்து உட்கார்ந்து, தொண்டையை இரண்டு தரம் செருமினார். ஆழமான, சாந்தமான செருமல். பள்ளத்தைத் தாண்டிக்கூட லேசாகக் கேட்டது.

கொரில்லாக்களுக்கு அது அன்றாடப் பேச்சு. நான் இங்கேதான் இருக்கிறேன், எல்லாம் நலம், நீ? என்று அர்த்தம். கேட்டவர்கள் பதிலுக்குச் செரும வேண்டும். அடர்ந்த புதருக்குள் ஒருவரையொருவர் பார்க்காமலே நாள் முழுக்கக் குடும்பம் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

இன்று யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த இரண்டு இளம் பெண் கொரில்லாக்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அலறிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடின. மணியக்காரர் அவை போன திசையைப் பார்த்தார். மறுபடி செருமினார். இன்னும் ஒன்று ஓடியது.

"என்ன நடக்குது அங்க?" என்றாள் கோகிலா.

பலூக்கு பதில் சொல்லாமல் தொலைநோக்கியை இடப்பக்கம் திருப்பி அவளிடம் கொடுத்தார். வடிவு தெரிந்தாள். மடியில் பொட்டு. தாய் குட்டியை மார்பில் சேர்த்து, பாலூட்டும்போது எப்போதும் செய்வதுபோல் மெதுவாகச் செருமினாள். பொட்டு கைகால்களை உதறித் திமிறி, மடியிலிருந்து கீழே விழுந்து, அம்மாவிடமிருந்து தவழ்ந்து விலகியது. வடிவு அதை இழுத்து அணைத்துச் சமாதானப்படுத்தச் செருமினாள். குட்டி இன்னும் பலமாகக் கத்தியது. பத்து நிமிடத்தில் நான்கு தடவை இது நடந்தது, ஒரு வாய்ப் பால்கூட உள்ளே போகவில்லை. அதற்குமேல் கோகிலாவால் பார்க்க முடியவில்லை.

முகாமுக்குத் திரும்பியபோது ஞானதுரை வாசலிலேயே நின்றிருந்தான். பொத்தான் கருவி, அமுத்துவதற்கு முந்தைய அரை நிமிடத்து ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்யும். நேற்றிரவே அனுப்ப வேண்டிய அறிக்கைக்காக அவன் இப்போதுதான் அதைப் போட்டுக் கேட்டிருந்தான்.

"எக்கா, இதக் கொஞ்சம் கேளுங்க. ஒண்ணும் சொல்லாம கேளுங்க."

திங்கட்கிழமைப் பதிவு. காலடிச் சத்தம், இலைச் சத்தம், பலூக்குவின் இரட்டைச் செருமல், ஒன்று இரண்டு எண்ணும் நேரம், பிறகு அலறல். செவ்வாயும் அதேபோல். புதன்கிழமைப் பதிவில் இரண்டு பேருடைய செருமல்கள் இருந்தன. முதலாவது பலூக்கு. இரண்டாவது, பெண்குரலில், கருவிக்கு மிக அருகில்.

புதருக்குள் உட்கார்ந்திருந்தபோது தானும் செருமியது கோகிலாவுக்கு நினைவே இல்லை.

"காட்டுக்குள்ள காலு வைக்கும்போதே நீங்க ரெண்டு பேரும் செருமுதீங்க," என்றான் ஞானதுரை. "நான் புது ஆளு, அதான் என் காதுல விழுது. உங்களுக்கு அது மூச்சு விடுத மாதிரி ஆயிட்டு. அதுங்க மனுசனுக்குப் பயப்படப் படிக்கல அக்கா. இந்தச் சத்தத்துக்குப் பயப்படப் படிச்சிட்டு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். பதினாறு வருடம் முன்பு, இந்தக் குடும்பம் மனித வாடை பட்டாலே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பலூக்கு புதருக்கு வெளியே மாதக்கணக்கில் உட்கார்ந்து இதே செருமலைச் செருமித்தான் உள்ளே இடம் பிடித்தார். அவற்றின் பேச்சை அவற்றிடமே கடன் வாங்கினார். அதன்பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அவர் ஒரு நாளும் நுழைந்ததில்லை.

கோகிலா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பதிவைக் கேட்டதுமே பலூக்குவுக்குப் புரிந்துவிட்டது. "என் குரல்தான்," என்றார். "பொட்டு அதைத்தான் அதோட அம்மா தொண்டையில கேக்குது."

"இத மாத்த முடியாதா தம்பி?" கோகிலா கேட்டாள்.

"பயத்த வைக்கத்தான் பொத்தான் இருக்கு. எடுக்கதுக்கு இல்ல. பழைய மாதிரி இவரு பக்கத்துல உக்காந்து மாசக்கணக்கா செருமிச் செருமிப் பழக்கணும். அப்பிடிப் பழக்குனா மனுசங்க மேல உள்ள நம்பிக்கையும் சேந்து திரும்பிரும்."

"மாசக்கணக்கெல்லாம் ஏதுங்க நமக்கு? நேத்துக் காலையில இருந்து பொட்டு பால் குடிக்கலை. நாளன்னிக்குத் தாங்காது."

கோகிலாவின் மூளைதான் முதலில் ஓடியது, அதற்காகப் பிற்பாடு அவள் பெருமைப்பட்டதில்லை. "செருமாம ஒரு வாட்டி உள்ள போகணும்," என்றாள். "முழு உருவமும் தெரியற மாதிரி போய் நிக்கணும். அப்ப அமுத்தணும். சத்தமில்லாம பயம் வந்துச்சுன்னா, பயம் செருமலை விட்டுட்டு மனுசன் மேல ஏறிக்கும். அப்புறம் அதுங்களுக்குள்ள செருமறப்ப ஒண்ணும் ஆகலைன்னா, நாலு வாட்டில தெளிஞ்சுக்கும்."

"நான் போறேன்," என்றான் ஞானதுரை. "எனக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லியே."

"நீ வேத்தாளுப்பா. உனக்கு மட்டுந்தான் பயப்படும்."

"செருமாம நுழையறவன் எதிரி," என்றார் பலூக்கு. "மணியக்காரர் சும்மா விடமாட்டார். அது அவர் கடமை." சொல்லிவிட்டு எழுந்தார். "நாளைக்குக் காலையில போலாம்."

ஆனால் அவரால் செருமாமல் நடக்க முடியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? சமையல் கூடாரத்தில் கொரில்லா இருப்பதாக நினைத்துக்கொண்டு பத்து தடவை நடந்து பார்த்தார். ஒன்பது தடவை தொண்டை தானாகச் செருமியது. கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரை வாய் நிறைய எடுத்துக்கொண்டு நடந்தார். அப்போதுதான் சத்தம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஓடைக்கரையில் குடும்பத்தைக் கண்டார்கள். குடும்பம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மணியக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார், நாற்பதடி தள்ளி வடிவு, மற்றவை மேலே மரங்களுக்கிடையில். வடிவின் மடியில் பொட்டு தலை தொங்கிக் கிடந்தது. கத்தக்கூட அதற்குத் தெம்பில்லை.

கோகிலா தன் வாய்க்குள் கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டாள். பலூக்கு ஓடைத் தண்ணீரை வாயில் எடுத்து, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, நேராக நடந்துபோய் வெட்டவெளியில் நின்றார்.

அந்தக் கணத்தில் அமுத்தியிருக்க வேண்டும். அவள் விரல் அழுந்துவதற்குள் மணியக்காரர் செருமிவிட்டார்.

நீயா? நலமா? என்று அவராகக் கேட்டார். சத்தம் கேட்டு வடிவு துள்ளி எழுந்தாள். கோகிலாவின் விரல் அப்படியே நின்றது. இப்போது அமுத்தினால் பயம் மறுபடி செருமலில்தான் போய் உட்காரும், பொட்டுவின் கதை முடிந்துவிடும். ஒரு நிமிடம் அமைதி வேண்டும். அமைதிக்காகக் காத்திருந்தாள்.

அமைதி வரவில்லை. பலூக்கு பதில் சொல்லாததால் மணியக்காரர் மறுபடி செருமினார். பதினாறு வருடத்தில் இந்த மனிதர் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. மூன்றாம் முறை செருமினார். வடிவு ஓடாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் மூன்று செருமலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பலூக்குவின் கழுத்து நரம்பு புடைத்திருப்பது கோகிலாவுக்குத் தெரிந்தது. பதில் சொல்லிவிடாதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள். சொல்லிவிடுங்கள் என்றும் கெஞ்சினாள்.

மணியக்காரர் பாய்ந்தார்.

நூற்றெண்பது கிலோ உடம்பு. புறங்கையால் ஒரே தட்டு, பலூக்கு ஒரு முறை புரண்டு கல்லில் போய் விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் கோகிலாவுக்குக் கேட்டது. மணியக்காரர் அவர்மேல் கவிந்து நின்றார். அவருடைய முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, மிகத் தாழ்வாக, இன்னொரு முறை செருமினார். காத்திருந்தார். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. பலூக்கு கண்ணைத் தாழ்த்தி மண்ணைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மணியக்காரர் ஓரடி பின்னால் வைத்தார், இன்னோரடி வைத்தார். பிறகு அவள் இதுவரை கேட்டிராத ஒரு கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பி மேட்டில் ஏறினார். வடிவு குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். மரங்களுக்கிடையில் இருந்தவையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. புதர் மூடிய பிறகு உள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது. கொஞ்சம் தயங்கி, அதற்கு ஒரு பதிலும் கேட்டது.

சனிக்கிழமை காலை, பலூக்குவின் தோள்பட்டை எலும்புக்குக் கட்டுப் போட்டு அவரைப் படுக்க வைத்துவிட்டு, கோகிலாவும் ஞானதுரையும் பள்ளத்தாக்கு விளிம்புக்குப் போனார்கள். எதிர்மேட்டின் உச்சியில் பதினொன்றும் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. பொட்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. கோகிலா தொலைநோக்கியை இறக்காமலே அழுதாள்.

ஞானதுரை சரிபார்ப்பதற்காக எழுந்து விளிம்பில் நின்றான். முந்நூறு மீட்டருக்கு அப்பால் மணியக்காரர் அவனைப் பார்த்தார். ஒரு கூச்சல் போட்டார். மூச்சு விடும் நேரத்தில் உச்சி காலி. மனிதக் காலடி படாத அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குள் அவை இறங்கிவிட்டன.

"வேலை செஞ்சிட்டுக்கா," என்றான். பிறகு தயங்கினான். "ஆனா நாலாவது பதிவே கருவியில இல்லியே."

"நான் அமுத்தலைப்பா. அமுத்தறதுக்கு நேரமே கிடைக்கலை."

"அப்ப இது எதுனால?"

"மணியக்காரர் கேட்டாரு. பலூக்கு அண்ணன் பதில் சொல்லலை," என்றாள் கோகிலா. "அவ்வளவுதான்."

"இவருக்குத் தெரியுமா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

மதியம் ஜீப் கிளம்பியது. முன்னால் ஓட்டுநரும் ஞானதுரையும். பின்னால் பலூக்கு, குலுங்கும்போதெல்லாம் வலி தெரியாமலிருக்க அவரைத் தாங்கியபடி கோகிலா. முதல் திருப்பம் தாண்டும்வரை அவர் மலையைப் பார்த்தபடியே வந்தார்.

"டாக்டர்," என்றார். "நல்லவேளை, அந்தக் கடுகு இருந்துச்சு. இல்லேன்னா நேத்து அதுங்க என்னை விட்டுப் போயிருக்காது, இல்லையா?"

கோகிலா அவர் தோள்கட்டைச் சரிசெய்தாள்.

"கடைசியா என் முகத்துக்கிட்ட வந்து கேட்டாரே, அப்புறம் பின்வாங்கினாரே. அப்பத்தானே நீங்க அமுத்தினீங்க? நான் பதில் சொல்லாததுக்காக அவர் போகலையே?"

முன் இருக்கையில் ஞானதுரையின் தோள் அசையாமல் இருந்தது.

"அப்பத்தாங்கண்ணா அமுத்தினேன்," என்றாள் கோகிலா. "பொத்தானாலதான் போனாரு. உங்களால இல்லீங்க."

பலூக்கு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.